ராணுவ ஜெனரேட்டர் டிரெய்லரை நெடுந்தூரம் இழுத்து வரும்போது என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

ராணுவ உபரி ஜெனரேட்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்தாகிவிட்டது, பணமும் கட்டியாகிவிட்டது, இன்ன தேதிக்குள் எடுத்துப் போகாவிட்டால் நாள் வாடகை போடுவோம் என்று மெயிலும் வந்துவிட்டது. அப்போதுதான் உறைக்கும்: பொருள் கிடப்பது கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் பார்ஸ்டோவில், வீடு டெக்ஸஸில் அமரில்லோ பக்கம், நடுவில் ஐ-40 நெடுஞ்சாலையில் 900 மைலுக்கு மேல். நான் இழுத்து வந்தது எம்இபி-803ஏ என்ற ராணுவ ஜெனரேட்டர். 10 கிலோவாட், நான்கு சிலிண்டர் லிஸ்டர்-பெட்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் ராணுவ டிரெய்லர் ஒன்றின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏலப் படத்தைப் பார்த்து எல்லாரும் ஜெனரேட்டரைப் பற்றியே கவலைப்படுவார்கள், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஸ்டார்ட் ஆகுமா என்று. வழியில் நம்மை நடுரோட்டில் உட்கார வைப்பது அது இல்லை, அதற்குக் கீழே இருக்கும் டிரெய்லர்தான். ஜெனரேட்டரை எப்போதாவது யாராவது ஓட்டிப் பார்த்திருப்பார்கள். சக்கரத்தை உருட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். அதனால் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் சக்கரம், கொக்கி, விளக்கு பற்றித்தான். உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

கொக்கியில் மாட்டவே முடியவில்லை

சாதாரண டிரெய்லரில் இருக்கிற மாதிரி, பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டு (ஹிட்ச் பால்) மேல் கவிழ்க்கும் கிண்ணம் ராணுவ டிரெய்லரின் முன்னால் இருக்காது, லூனெட் என்று சொல்லும் கனமான இரும்பு வளையம் இருக்கும், உள்விட்டம் 3 அங்குலம். அதைப் பிடிக்க, தாடை மாதிரி மூடிக்கொள்ளும் பின்டில் கொக்கி வேண்டும். பிக்கப்பில் இருக்கும் குண்டில் அந்த வளையத்தை வைத்து மேலே ஒரு செயினைச் சுற்றி ‘மெதுவாகப் போய்விடலாம்’ என்று ஏலப் பொருள் கிடக்கும் யார்டில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். கேட்காதீர்கள்.

குண்டும் பின்டிலும் சேர்ந்த கலப்புக் கொக்கி வாங்கினால், 3 அங்குல வளையத்துக்கு ஏற்றதா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உள்விட்டம் சரியாக இருந்தும் வளையத்தின் தடிமன் அதிகமாகி, தாடை முழுதாக மூடாமல் போவதுண்டு. மூடியதும் பூட்டு ஊசியைச் செருகிப் பார்க்கவேண்டும். ஊசி சிரமப்பட்டு உள்ளே போனாலே தாடை முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். அப்புறம் வண்டியை ஒரு கூர்மையான வளைவு திருப்பி, பின்னால் இறங்கிப் போய் வளையம் கொக்கிக்குள் திரும்புகிறதா, இறுகி நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது உயரம். இந்த டிரெய்லர்கள் உயரமான ராணுவ லாரிக்குப் பின்னால் போகப் பிறந்தவை. சாதாரண பிக்கப்பின் ஹிட்ச், அதாவது பின்னால் கொக்கி மாட்டும் இடம், தாழ்வாக இருக்கும், மாட்டியவுடன் டிரெய்லர் முன்பக்கம் மண்டியிட்ட மாதிரி நிற்கும். அப்படியே போனால் முதலில் அடி வாங்குவது முன்னால் மடக்கிவைத்த தாங்குகால், பெட்ரோல் பங்க் வாசல் மேட்டிலேயே உரசும். ஹிட்சின் உயரத்தை மாற்ற துளைகள் போட்ட தட்டு கிடைக்கும். கிளம்புவதற்கு முன்னாலேயே யார்டுக்கு போன் செய்து சமதரையில் நிற்கும்போது வளையத்தின் நடு எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று அளக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு அளந்து சொன்னார்கள், 4 அங்குலம் தப்பாக. அதனால் துளைத் தட்டையே வாங்குங்கள், ஒரே உயரத்தில் பற்றவைத்ததை வாங்காதீர்கள்.

யார்டிலேயே சக்கரம் உருள மறுக்கிறது

சிறிய டிரெய்லர் என்றால் முதலில் கை பிரேக் நெம்புகோலைப் பாருங்கள். சிலவற்றில் இரண்டு பக்கமும் தனித்தனி நெம்புகோல் உண்டு, ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். எடுத்த பிறகும் உருளவில்லை என்றால், பல வருடம் நின்றதில் பிரேக் பட்டை டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கும். டிரம்மின் விளிம்பில் சுற்றிலும் சுத்தியலால் தட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அதுதான் விட்ட சத்தம்.

எம்200ஏ1 போன்ற பெரியவற்றில் கதை வேறு. அவற்றில் காற்று அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். லாரியில் இருந்து வரும் காற்று அறுந்துபோனால் டிரெய்லரின் சொந்தத் தொட்டியில் உள்ள காற்று பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், அது பாதுகாப்புக்காக வைத்தது. நம் பிக்கப்பில் காற்றுக் குழாயே கிடையாது. தொட்டியின் அடியில் இருக்கும் சிறிய குழாயைத் திறந்து காற்றை முழுதாக வெளியேற்றினால் சக்கரம் விடும். விட்டதும் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள், இனி அந்த வண்டிக்கு பிரேக்கே இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த எடையை பிரேக் இல்லாமல் பிக்கப்பில் இழுப்பது தற்கொலைக்குச் சமம். கீழே பிளாட்பெட் (தட்டையான திறந்த சரக்கு வண்டி) பற்றிச் சொல்லியிருக்கிறேன், அதைப் படியுங்கள்.

விளக்கு எரியவில்லை, அல்லது மின்மினி மாதிரி எரிகிறது

ராணுவ வண்டிகள் 24 வோல்ட், நம் பிக்கப் 12 வோல்ட். பல்பு முழுதாக எரியும் அளவுக்கு மின்சாரம் போகாது, இழை ஆரஞ்சு நிறத்தில் லேசாகத் தெரியும், பகல் வெயிலில் அதுவும் தெரியாது. பழைய ராணுவ பிரேக் விளக்கில் 1683 என்ற எண் போட்ட பல்பு இருக்கும். அதே காம்பு உள்ள 12 வோல்ட் பல்பு 1156, கழற்றி மாற்றினால் போதும்.

செருகியும் வேறு. ராணுவத்தில் 12 ஊசி வட்டச் செருகி, நமக்கு 4 கம்பித் தட்டைச் செருகி. மாற்றுச் செருகி விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் செருகிக்குப் பின்னால் கம்பிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் சின்ன உலோகப் பட்டயத்தில் எண் அடித்திருக்கும். 21 பின்விளக்கு, 22-460 இடது, 22-461 வலது, 90 எர்த். நம் பக்கத்தில் பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை எர்த். எண்ணுக்கு நேர் நிறத்தைச் சேர்த்தால் முடிந்தது. நான் முதல் தடவை 24 என்ற எண்ணைப் பின்விளக்கு என்று எடுத்துக்கொண்டு, ‘24 வோல்ட் என்றுதானே எழுதியிருக்கிறது’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இணைத்துவிட்டேன். எரிந்தது பூனைக்கண் மாதிரி ஒரு கீற்று. எதிரி விமானம் மேலிருந்து பார்க்காதபடி வைத்த இருட்டடிப்பு விளக்கு அது. பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் தெரியாது.

எல்லாம் சரியாக இணைத்தும் இடது சிக்னல் போட்டால் வலதும் சேர்ந்து மினுக்குகிறதா? எர்த் கோளாறு. கொக்கி வழியாக எர்த் கிடைக்கிறது என்று நம்பி வெள்ளைக் கம்பியை விட்டுவிட்டிருப்பீர்கள். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்த இரும்பு அது, வளையம் குதிக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். சட்டத்தில் ஒரு இடத்தைப் பளபளவென்று சுரண்டி வெள்ளைக் கம்பியை அங்கே முடுக்குங்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன், ஒரே ஒரு பயணத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் இழுவை விளக்கு ஜோடி ஒன்றை வாங்கி, பின்னால் ஒட்டி, காந்தத்தை மட்டும் நம்பாமல் கம்பியாலும் கட்டி, வயரைச் சட்டத்தோடு இழுத்து முன்னால் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை. வயரிங்கை வீட்டு நிழலில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வேகம் எடுத்ததும் வாலாட்டுகிறது

50 மைல் வேகம் வரை பேசாமல் வரும், 58-இல் பின்னால் ஏதோ ஒன்று மெல்ல இடமும் வலமும் இழுக்கிற மாதிரி இருக்கும், 62-இல் கண்ணாடியில் டிரெய்லர் ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் தெரியும். அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது. பிரேக் போட்டால் முன்வண்டி மெதுவாகும், பின்வண்டி தள்ளும், ஆட்டம் இரண்டு மடங்காகும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். டிரெய்லரில் மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்கலாம், இந்த வகையில் அது இருக்காது.

காரணம் அநேகமாக ஒன்றுதான்: கொக்கி மேல் விழும் எடை குறைவு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கவேண்டும். படையில் ஓடியபோது சரியாக இருந்தது இப்போது ஏன் குறைகிறது என்று கேட்டால், விற்பதற்கு முன்னால் முன்பக்கத்தில் இருந்ததை எல்லாம் எடுத்துவிடுவார்கள். கேபிள் பெட்டி, மண்ணில் அடிக்கும் எர்த் கம்பி, தீயணைப்பான், ஜெரிகேன் ஒன்றும் இருக்காது. சில டிரெய்லர்களில் இரண்டு ஜெனரேட்டர் இருந்திருக்கும், அதில் ஒன்றைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு மிச்சத்தை நம்மிடம் தள்ளுவார்கள். 803ஏ தனியாகவே 1,100 பவுண்டுக்கு மேல். அப்படி ஒன்று முன்னால் இருந்து போயிருந்தால் கொக்கியில் எடை இருக்காது என்பது மட்டும் இல்லை, வளையம் கொக்கியை மேலே தூக்கும்.

அளப்பது சுலபம். குளியலறைத் தராசு ஒன்று, செங்கல் ஒன்று, தடித்த பலகை ஒன்று. பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், அங்கிருந்து சரியாக 3 அடி தள்ளி மறுபுறத்தைத் தராசின் மேலும் வையுங்கள். பலகையோடு தராசு காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்லில் இருந்து 1 அடியில் டிரெய்லரின் தாங்குகாலுக்குப் பதிலாக ஒரு குழாயை நிறுத்தி வளையத்தை அதன் மேல் இறக்குங்கள். தராசில் கூடுதலாக ஏறியதை 3-ஆல் பெருக்கினால் கொக்கி எடை. மொத்த எடைக்கு டிரெய்லரின் தகட்டிலும் ஜெனரேட்டரின் தகட்டிலும் இருக்கும் எடைகளைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வழியில் டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றிவிடுங்கள்.

குறைவாக இருந்தால் ஜெனரேட்டரைக் கழற்றி முன்னால் நகர்த்துவதெல்லாம் யார்டில் நடக்கிற காரியம் இல்லை. கழற்றிய பேட்டரிகள், கருவிப் பெட்டி, ஸ்டெப்னி, மணல் மூட்டை, எது கனமோ அதை அச்சுக்கு முன்னால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள், ஹிட்சை ஒரு துளை இறக்கினாலே ஆட்டம் குறைந்த அனுபவம் உண்டு. டயர் காற்றையும் பாருங்கள், பின்னால் ஒன்று மட்டும் மெத்தென்று இருந்தாலும் இதே மாதிரிதான் ஆடும்.

எல்லாம் செய்தும் 60-இல் ஆடினால், 55-இல் போங்கள். கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் சட்டப்படி 55 தான். மற்ற மாநிலங்களில் அனுமதி கூடுதல் என்பதற்காக இந்த டிரெய்லருக்கு வயது குறையப் போவதில்லை.

சக்கரத்தின் நடு கொதிக்கிறது

இதற்குத்தான் அதிகம் எழுதவேண்டும், ஏனென்றால் சக்கரம் கழன்று ஓடுவதும் வண்டி தீப்பிடிப்பதும் இங்கேதான் ஆரம்பிக்கும்.

கிளம்பி 10 மைலில் ஒரு தடவை, 25 மைலில் ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு 50 மைலுக்கும் நின்று இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். புறங்கையால் தொடுங்கள், உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டால் 800 மைல் ஸ்டியரிங் பிடிக்கவேண்டும். வெதுவெதுப்பு சகஜம், பாலைவனத்தில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். மூன்று நான்கு விநாடி கையை வைத்திருக்க முடியவில்லை, அல்லது ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகச் சூடு என்றால் அதற்குமேல் ஒரு மைல்கூட வேண்டாம். சூட்டை அளக்கும் கைத்துப்பாக்கி வெப்பமானி ஒன்று பையில் இருந்தால் தர்க்கமே வேண்டாம், இடம் 120 டிகிரி ஃபாரன்ஹீட், வலம் 210 என்று எண்ணில் காட்டிவிடும். நான் வழியில் இருக்கும் நீடில்ஸ் என்ற ஊருக்கு இறங்கும் நீண்ட சரிவு முடிந்து நின்றபோது கண்டது கிட்டத்தட்ட இதுதான்.

அடுத்த கேள்வி, சூடு பேரிங்கிலா பிரேக்கிலா. வெப்பமானியை ஹப்பின் நட்டநடு மூடியில் காட்டுங்கள், பிறகு டிரம்மின் சுற்றுப்புறத்தில் காட்டுங்கள். நடுவில் அதிகம் என்றால் பேரிங். சுற்றுப்புறத்தில் அதிகம் என்றால் பிரேக் உரசுகிறது, கை பிரேக் கேபிள் துருவேறி முழுதாகத் திரும்பவில்லை. உரசல் என்றால் கேபிளை நெம்புகோல் பக்கமாகக் கழற்றிவிட்டால் வீடுவரை வரலாம், நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை போட மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பேரிங் என்றால் ஜாக்கி. சமதரை, கட்டை, ஸ்டாண்ட், எல்லாம் சரியாக இருக்கட்டும். தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள், ‘கடக்’ என்றால் தளர்வு. சுற்றிவிட்டுக் கேளுங்கள், மணல் அரைபடுகிற மாதிரி சத்தம் என்றால் பேரிங் போய்விட்டது, சத்தம் இல்லாமல் கனமாகச் சுற்றினால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. டயரின் உட்புறம் கறுப்பாக எண்ணெய் தெறித்திருந்தால் சீல் கிழிந்திருக்கிறது. என்னுடையதில் மூடியைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெல்லப்பாகு காய்ந்து சட்டியில் ஒட்டின மாதிரி பழுப்பாக ஒன்று இருந்தது, ஸ்குரூடிரைவரால் சுரண்டவேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது, அது தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம்.

நல்ல பேரிங்காக இருந்தால் டீசலில் கழுவி, துடைத்து, காயவிட்டு, உருளைகளுக்கு இடையில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். மேலே தடவுவது கணக்கில் சேராது. உருளையிலோ அது ஓடும் கிண்ணத்திலோ நீலம் பாரித்திருந்தால், குழி விழுந்திருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றவேண்டும். திரும்ப மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்கு வைத்து, புது ஊசி போட்டு மடக்குங்கள். பழைய ஊசியைத் திரும்பப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் சக்கரத்தைத் தேடிக் காட்டுக்குள் போனதும் தெரியும்.

பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் உதிரிபாகக் கடையில் கிடைத்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொஹாவி பாலைவனத்தில் கடை இருக்காது. அதனால் யார்டில் கிளம்பும் முன்னாலேயே இரண்டு ஹப்பையும் திறந்து பார்த்து கிரீஸ் ஏற்றிவிடுங்கள். இரண்டு மணி நேரம் போகும். நான் அதைச் செய்யாமல் கிளம்பியவன். யார்டு வாசலை மதியம் 2 மணிக்கு மூடிவிடுவார்கள் என்ற அவசரத்தில் இருந்தேன். பிறகு ஐ-40 ஓரத்தில், லாரி போகும் ஒவ்வொரு தடவையும் ஜாக்கி நடுங்க நடுங்க, அதே வேலையைச் செய்தேன்.

டயர் பார்க்கப் புதுசு, வழியில் கிழிந்தது

ராணுவ உபரியில் டயர் பட்டன் தேயாமல் முள் முள்ளாக இருக்கும், ஏலப் படத்தில் பார்க்கப் புத்தம் புதுசு. பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3406 என்றால் 2006-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தையது, அதை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறுகிறவருக்கு என் கும்பிடு. பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினால் வெடிப்புக்கோடுகள் விரிகின்றனவா பாருங்கள். நிற்கும்போது காற்று தாங்கும். ஓடிச் சூடாகும்போதுதான் மேல்தோல் உரிந்து தனியாக வரும், வரும்போது பின்விளக்கையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும்.

சக்கர நட்டு கழலவில்லை என்று நான்கடிக் குழாய் போட்டு ஏறி மிதிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ராணுவ வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை, வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். போல்ட்டின் தலையில் எல் என்ற எழுத்து அடித்திருக்கும். தெரியாமல் மிதித்தால் இறுகும், இன்னும் மிதித்தால் முறியும். ஹம்வீ என்ற ராணுவ ஜீப்பின் சக்கரம் போட்ட டிரெய்லர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்த ரிம் இரண்டு துண்டு, சுற்றிலும் போல்ட் போட்டுச் சேர்த்தது. ஹப்பில் பிடிக்கும் நட்டு எது, ரிம்மின் இரண்டு பாதியையும் பிடிக்கும் நட்டு எது என்று பிரித்துப் பாருங்கள். காற்று இருக்கும்போது இரண்டாவதைத் தொட்டால் ரிம் வெடித்துப் பிரியும், ஆள் பிழைக்கமாட்டார்.

ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பாதீர்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஆகாது. சக்கரம் எதைக் கழற்றி மாட்டினாலும் 50 மைலில் நின்று நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டங்’ என்கிறது

பின்டிலில் வளையம் கொஞ்சம் லூசாகத்தான் இருக்கும். கரடுமுரடான தரையில் டிரெய்லர் எப்படிப் புரண்டாலும் கொக்கி விட்டுவிடக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு ‘டங்’ வந்தால் கவலை வேண்டாம். ஓடும்போது தொடர்ந்து ‘டங் டங்’ என்றால் கொக்கி மேல் எடை போதவில்லை, மேலே வாலாட்டம் பகுதியைப் பாருங்கள். திடீரென்று புதிய சத்தம் என்றால் உடனே ஓரங்கட்டி பூட்டு ஊசி இருக்கிறதா, ஹிட்ச் தட்டின் போல்ட் தளர்ந்ததா, ஜெனரேட்டரைப் பிடிக்கும் அடி போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். என்னுடையதில் நான்கில் மூன்றுதான் இருந்தது, நான்காவது துளையில் குளவி கூடு கட்டியிருந்தது.

பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக, இடத்தில் இருந்து வலத்துக்கும் வலத்தில் இருந்து இடத்துக்கும் மாட்டுங்கள். கொக்கி விட்டாலும் முன்தண்டு தரையில் குத்தாமல் அந்த ஊஞ்சலில் விழும்.

சரிவில் பின்னால் இருந்து தள்ளுகிறது

கையால் இழுக்கும் நிறுத்து பிரேக் மட்டும் இருக்கும் டிரெய்லர் ஓடும்போது உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது, முழு எடையும் பிக்கப்பின் பிரேக் தலையில்தான். பல மாநிலங்களில் டிரெய்லரின் மொத்த எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கே பிரேக் இருக்கவேண்டும் என்று சட்டம். நீங்கள் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பாருங்கள், வீடு இருக்கும் மாநிலத்துக்கு மட்டும் இல்லை. ஐ-40-இல் நீடில்ஸ் கடல் மட்டத்தில் இருந்து 500 அடி, ஃப்ளாக்ஸ்டாஃப் 6,900 அடி. ஏறும்போது எஞ்சின் சூடு, இறங்கும்போது பிரேக் சூடு. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், தொடங்கிய பிறகு யோசிப்பது தாமதம்.

எம்1101, எம்1102 போன்ற டிரெய்லர்களில் உந்துவிசை பிரேக் உண்டு, முன்வண்டி மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையே பிரேக்கை அழுத்தும். அதில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டி நகராமல் முரண்டு பிடிக்கிறது என்றால் அது கோளாறு இல்லை, பின்னால் தள்ளுவதும் அதே விசைதான், பிரேக் பிடித்துக்கொள்கிறது.

ஜெனரேட்டரில் இருந்து சொட்டுகிறது, கதவு அடிக்கிறது

டீசலை யார்டிலேயே வடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய டீசல் எப்படியும் உதவாது, மூடி வழியாகச் சிந்தி அரை டிரெய்லரை நனைத்து அதன் மேல் பாலைவனப் புழுதியைக் களிம்பு மாதிரி பூசிவிடும். பேட்டரி இரண்டையும் கழற்றிவிடுங்கள், குறைந்தபட்சம் கம்பியையாவது எடுத்துவிடுங்கள். பக்கக் கதவுகளின் தாழ்ப்பாளை நம்பாதீர்கள், ரேட்செட் பட்டையைச் சுற்றிலும் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டை கதவு திறக்காமல் இருக்கத்தான், ஜெனரேட்டரைப் பிடிக்க இல்லை. தகரப் பெட்டிக்கு மேலே பட்டை போட்டு முறுக்கினால் தகரம்தான் நசுங்கும். பிடிமானம் அடிச்சட்டத்தில் இருக்கும் கட்டு வளையங்களில் இருந்து வரவேண்டும். புகைக்குழாய் வாயில் துணி வைத்து டேப் ஒட்டுங்கள், மழை வந்தால் தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் இறங்கும்.

போலீஸ் நிறுத்தினார்

பச்சை வண்ணம், நம்பர் பிளேட் இல்லை, விளக்கு காந்தத்தில் ஒட்டியது. நிறுத்தத்தான் செய்வார்கள். விற்பனைச் சீட்டின் அச்சுப்பிரதி, உங்கள் மாநிலத்திலோ கடக்கும் மாநிலத்திலோ வாங்கிய தற்காலிக அனுமதி இரண்டும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், போனில் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தால் நேரம்தான் விரயம். டிரெய்லருக்கு உரிமைப் பத்திரம் எடுக்க எஸ்எஃப்-97 என்ற அரசுப் படிவம் வரவேண்டும், வருமா வராதா என்று ஏல விவரத்திலேயே எழுதியிருக்கும், பணம் கட்டும் முன் படியுங்கள். வந்ததும் அதில் உள்ள வரிசை எண்ணை டிரெய்லரின் தகட்டோடு ஒப்பிடுங்கள். ஜெனரேட்டருக்கு ஒரு தகடு, டிரெய்லருக்கு ஒரு தகடு, எழுதியவர் வெயிலில் எது முதலில் கண்ணில் பட்டதோ அதை எழுதிவிட்டுப் போயிருப்பார். யார்டில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஒரு கையெழுத்தில் முடியும்.

இழுக்கத் தைரியம் வரவில்லை

வராவிட்டால் நல்லது. டயர் செத்தது, காற்று பிரேக், உரிமைப் பத்திரம் இல்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே டிரெய்லரை இன்னொரு வண்டியின் மேல் ஏற்றிக் கொண்டுவருவதுதான் சரி. திறந்த பிளாட்பெட்டாக எடுங்கள், ஃபோர்க்லிஃப்ட் பக்கவாட்டில் வந்து வைத்துவிட்டுப் போகும். நான்கு பக்கமும் மூடிய பெட்டி வண்டி எடுத்தால் பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டிருக்கவேண்டும். கட்டும் பட்டைகளின் தாங்கும் திறனைக் கூட்டினால் சரக்கின் எடையில் குறைந்தது பாதி வரவேண்டும் என்பது வணிக லாரிகளுக்கான மத்திய விதி. சொந்த வண்டியானாலும் நான் முழு எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டுவேன். சக்கரத்தில் கட்டாமல் அச்சிலும் சட்டத்திலும் கட்டுங்கள். ஸ்பிரிங் மேல் குதிக்கும் வண்டி, 20 மைலில் பட்டை தளர்ந்திருக்கும், நின்று மறுபடி இறுக்குங்கள்.

வீடு வந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஏலத்தில் ஓடியது என்று வீடியோ இருக்கிறதே என்று பதறாதீர்கள். முதலில் அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளே அழுந்தியிருக்கிறதா பாருங்கள், பட்டை போடும்போது நாமே அழுத்தியிருப்போம். 803ஏ-இல் எஞ்சின் அறைக்குள் டெட் கிராங்க் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, அது நார்மலில் இருக்கவேண்டும். பேட்டரி இரண்டும் தொடராக இணைத்து 24 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள், ஒன்றை மாற்றிப் போட்டால் எதுவும் அசையாது. புது டீசல் ஊற்றி, முதன்மை ஸ்விட்சை பிரைம் அண்ட் ரன்னில் வைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள், பம்ப் டிக் டிக் என்று அடித்துக் குழாயில் இருக்கும் காற்றைத் தள்ளட்டும். குலுங்கி வந்ததில் எரிபொருள் குழாய் இணைப்பு எங்காவது தளர்ந்திருந்தால் அந்த இடம் ஈரமாக மினுக்கும்.

இதெல்லாம் பார்த்தும் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை, புகைகூட வரவில்லை என்றால் புகைக்குழாய் வாயில் நீங்கள் ஒட்டிய டேப்பைப் பிரித்தீர்களா என்று பாருங்கள். எனக்கு இருபது நிமிடம் ஆனது.